எட்டாத கை, மடங்காத கால்

வாசகியர் கேள்வி – பதில்

அறுபதைக் கடந்தும் ஓடியாடிக்கொண்டிருக்கும் பெண்களிடமிருந்து வந்த கடிதங்கள் இவை. "நடக்கிறேன், யோகா செய்கிறேன், வீட்டு வேலையெல்லாம் நானேதான், இது ஒன்று மட்டும் முடியவில்லையே" என்பதுதான் பலருடைய குறை. முதியோர் உடலியக்கத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்கள் பதில் அளிக்கிறார்கள்.

தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. ஆனால் கால் நகம் வெட்ட உட்கார்ந்தால் கை பாதத்துக்கு எட்டுவதில்லை, மூச்சு முட்டுகிறது. நடையே நடக்காத என் தங்கை சம்மணம் போட்டு உட்கார்ந்து சுலபமாக வெட்டிக்கொள்கிறாள். அப்புறம் நான் நடந்து என்ன பயன்? (66 வயது வாசகி)

பயன் நிறைய. இதயத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் அந்த ஒரு மணி நேரம் பெரிய காவல், விட்டுவிடாதீர்கள். ஆனால் நடை, மூட்டுகளிடம் கேட்பது ரொம்பக் கொஞ்சம். சமதளத்தில் நடக்கும்போது முழங்கால் சுமார் 60, 65 டிகிரிக்குத்தான் மடங்குகிறது. இடுப்பு மூட்டு முன்னுக்கு 30 டிகிரி, பின்னுக்கு 10 டிகிரி, அவ்வளவுதான். சாதாரண நாற்காலியிலிருந்து எழுவதற்கே முழங்கால் 90 டிகிரி மடங்கியாக வேண்டும். குந்தி உட்கார 130-ஐத் தாண்ட வேண்டும். கையோ தலைக்கு மேலே போவதே இல்லை. ஆக, அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே சின்ன அசைவைச் சில ஆயிரம் தடவை செய்கிறீர்கள். புழங்காத மிச்ச அசைவை மூட்டைச் சுற்றியுள்ள உறையும் தசையும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொள்கின்றன. தங்கை நடக்காவிட்டாலும் சம்மணம் போடுகிறார். அந்த ஓர் அசைவு அவரிடம் தங்கிவிட்டது. (நடக்காததன் நஷ்டம் அவருக்கு வேறு இடத்தில் தெரியும், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.)

நகம் வெட்ட முடியவில்லை என்றதும் பலரும் குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சியில் இறங்கிவிடுகிறார்கள். அது பாதி விடைதான். நகம் வெட்டப் பாதம் உங்களிடம் வர வேண்டும். அதற்கு இடுப்பு மூட்டு மடங்கினால் போதாது, வெளிப்பக்கமாகத் திரும்பவும் வேண்டும். உங்களுக்கு எது இறுகியிருக்கிறது என்று பார்க்க, கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்து வலது கணுக்காலைத் தூக்கி இடது தொடைமேல் வையுங்கள். வலது முழங்கால் இறங்கி, கால் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகப் படுத்தால் அந்த மூட்டில் குறையில்லை. முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நின்றால், அடைப்பு அங்கேதான். இரண்டு பக்கமும் பாருங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம் மோசமாக இருக்கும்.

அதே நிலைதான் பயிற்சியும். கணுக்காலை முழங்காலுக்குச் சற்று மேலே தொடைமேல் வையுங்கள். முதுகைக் கூன் போடாமல், இடுப்பிலிருந்து உடம்பை முன்னால் சாய்த்து, பிட்டத்தின் பக்கவாட்டில் இழுவை தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். முழங்காலைக் கையால் அமுக்காதீர்கள். அந்தத் திருகல் இடுப்புக்குப் போகாமல் முழங்கால் மூட்டில் இறங்கும். கணுக்கால் தொடைக்கே ஏறவில்லை என்றால் கட்டிலில் மல்லாந்து படுத்து, பாதங்களை ஊன்றி முழங்கால்களை மடித்துக்கொண்டு, ஒரு முழங்காலை மட்டும் வெளிப்பக்கம் மெதுவாகச் சரியவிட்டு எடுங்கள். பத்து தடவைக்குப் பிறகு சரிந்த இடத்திலேயே நிறுத்தி வையுங்கள். தொடை இடுக்கின் முன்பக்கம் கிள்ளுவது போல வலித்தால் மேலும் அழுத்த வேண்டாம். இடுப்பு மூட்டுத் தேய்மானத்தில் அப்படி வலிக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

மற்றொரு பாதி, தொடையின் பின்புறத் தசை. நாற்காலியின் முன்விளிம்புக்கு வந்து ஒரு காலை நேரே நீட்டி, குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை நிமிர்த்துங்கள். ஒரு கைமேல் மற்றொரு கையை வைத்து, நடுவிரல்கள் ஒன்றன்மேல் ஒன்று இருக்க, மூச்சை விட்டபடி முன்னால் நீட்டி இரண்டு விநாடி நில்லுங்கள். நீட்டிய முழங்கால் மடங்கினால் கணக்கில் சேராது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுல்லர்டன் வளாகத்தில் ரிக்ளி, ஜோன்ஸ் இருவரும் முதியோருக்காக வகுத்த உடல்தகுதிச் சோதனைகளில் இதுவும் ஒன்று. 65 – 69 வயதுப் பெண்களில் நடுத்தரமானவர்களுக்கு விரல் நுனி கால் விரலுக்கு அரை அங்குலம் குறைவாக நிற்பதிலிருந்து நாலரை அங்குலம் தாண்டிப் போவது வரை இருக்கும். நீங்கள் மூன்று, நான்கு அங்குலம் குறைவாக நின்றால் இந்தத் தசைக்கும் வேலை இருக்கிறது.

எவ்வளவு நேரம் பிடித்து நிற்பது? இளையவர்களுக்கு 30 விநாடி போதும் என்பார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் தொடைப் பின்புறத் தசையை வைத்து 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வு 15, 30, 60 விநாடிகளை ஒப்பிட்டது. தடவைக்கு 60 விநாடி, நான்கு தடவை, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம் என்று செய்தவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. பயிற்சியை நிறுத்திய பிறகும் அவர்களிடம்தான் அது கூடுதலாகத் தங்கியது. வயதான தசை இளக நேரம் கேட்கிறது. இழுவை பத்துக்கு மூன்று, நான்கு என்ற அளவில் இருக்கட்டும். ஆறு, ஏழுக்குப் போனால் தசை தன்னைக் காத்துக்கொள்ள எதிர்த்து இறுகும், பலன் குறையும்.

மூச்சு முட்டுவது, குனியும்போது வயிறு அமுங்குவதாலும் நீங்கள் அறியாமலே மூச்சை அடக்குவதாலும். பாதத்தை ஒரு தாழ்ந்த முக்காலிமேல் வைத்துக்கொண்டு வெட்டிப் பாருங்கள். நடக்கும்போதோ படுத்திருக்கும்போதோகூட முட்டினால் அது வேறு. இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

இருபது வருடமாக யோகா செய்கிறேன். குனிந்தால் உள்ளங்கை தரையைத் தொடும். ஆனால் சோபாவிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. யோகாவை எங்கோ தப்பாகச் செய்கிறேனா? (69 வயது வாசகி)

தப்பில்லை. மேலே எழுதிய வாசகிக்கு நேர்மாறான குறை உங்களுக்கு. அவருக்கு மூட்டு விடவில்லை. உங்களுக்கு மூட்டு விடுகிறது, தூக்கும் தசை இல்லை. மாதவிடாய் நின்றபின் தசை கரைவது வேகமெடுக்கிறது. அதிலும் தசையின் வலுவைவிட, வலுவைச் சட்டென்று வெளிப்படுத்தும் வேகம் முந்திக் குறைகிறது. சோபாவிலிருந்து எழ, தடுக்கும்போது காலை எடுத்து வைக்க, அந்த வேகம்தான் வேண்டும்.

ஒரு சோதனை. 17 அங்குல உயரமுள்ள, கை இல்லாத நேர் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின்மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பெண்களுக்கு 60 – 64 வயதில் 12-க்குக் கீழே, 65 – 69-ல் 11-க்குக் கீழே, 70 – 79-ல் 10-க்குக் கீழே, 80 – 84-ல் 9-க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு. விழும் அபாயம் கூடுதல். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்குப் பூஜ்யம். கொஞ்சம் கறாரான விதிதான், ஆனாலும் அதுதான் விதி.

எழ முடியாமல் போவதில் பாதி, முறைக் கோளாறு. பாதங்கள் முழங்காலுக்கு முன்னால் நீண்டிருந்தால் பலசாலிக்கும் எழ வராது. விளிம்புக்கு நகர்ந்து வந்து, குதிகால்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மூக்கு கால் விரல்களுக்கு மேலே வரும்வரை முன்னால் சாயுங்கள். பிட்டம் தானாக லேசாகும். அந்தக் கணத்தில் மூச்சை விட்டபடி எழுங்கள். முழங்கால்கள் இரண்டும் உள்ளுக்கு வந்து ஒட்டினால் தொடையைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டி, அதை வெளியே தள்ளிக்கொண்டே எழுந்து பழகுங்கள். எழும்போது சிறுநீர் கசிகிறது என்று எழுதுபவர்களுக்கும் இதே இடம்தான்: மூச்சை அடக்கி எழுவது அழுத்தத்தை அடிவயிற்றுக்குக் கீழே தள்ளுகிறது. எழுவதற்கு ஒரு நொடி முன்பே இடுப்பின் அடித்தளத் தசையை (சிறுநீரை அடக்கும்போது இறுக்கும் தசை) உள்ளிழுத்துக்கொண்டு, மூச்சை விட்டபடி எழ வேண்டும்.

பயிற்சியின் அளவு: ஒரு நாள் விட்டு ஒரு நாள், எட்டு முதல் பத்து தடவை, இரண்டு அல்லது மூன்று சுற்று. எழுவது வேகமாக, உட்காருவது நான்கு எண்ணும் வரை நிதானமாக. தொப்பென்று விழுந்து உட்காருவது பயிற்சியில் பாதியை வீணாக்குகிறது. முடியாதவர்கள் நாற்காலிமேல் கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டி, வாரக்கணக்கில் குறைத்து வாருங்கள். பத்தும் சுலபமாகிவிட்டால் மார்போடு இரண்டு கிலோ எடையை அணைத்துக்கொள்ளுங்கள். சுலபமான பின்னும் அதே பத்தை வருடம் முழுவதும் செய்வதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. தசை, சிரமம் இருந்தால்தான் வளரும்.

வயது ஒரு தடையா என்று இன்னொரு வாசகி கேட்டிருக்கிறார். 1990-ல் வெளியான ஓர் ஆய்வில் 86 முதல் 96 வயதுவரையான 10 பேர் 8 வாரம் எடைப்பயிற்சி செய்தார்கள். சிறு குழுதான். ஆனால் தொடைத் தசையின் வலு சராசரியாக 174 சதவீதம் ஏறியது.

எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் முதுகெலும்பில் எலும்புப்புரை என்று வந்திருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன். பச்சிமோத்தாசனத்தை (காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் ஆசனம்) விடாமல் செய்து வருகிறேன், வலி எதுவும் இல்லை. தொடரலாமா? (72 வயது வாசகி)

நிறுத்திவிடுங்கள். வலி இல்லை என்பது இதில் நம்பகமான சாட்சி அல்ல.

முதுகெலும்புக் கண்ணியின் முன்பாதி பஞ்சு போன்ற எலும்பு. எலும்புப்புரையில் முதலில் மெலிவது அதுதான். முதுகைக் கூன் போட்டு வளைக்கும்போது உடம்பின் எடை முழுவதும் அந்த முன்விளிம்பில்தான் இறங்குகிறது. கண்ணியின் முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவமாகிறது. அதனால் கூன் கூடுகிறது. கூன் கூடியதால் அடுத்த கண்ணிக்கு இன்னும் பளு. 1984-ல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த சினாகியும் மிக்கெல்சனும் முதுகெலும்புப் புரை உள்ள 59 பெண்களைப் பற்றி எழுதினார்கள். முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குப் புதிய நசுங்கல் முறிவு ஏற்பட்டது. முன்னால் வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம். இரண்டும் செய்தவர்களில் 53. எதுவுமே செய்யாதவர்களில் 67. சிறிய, பழைய ஆய்வு என்பது உண்மை. ஆனாலும் வளைவுப் பயிற்சி செய்தவர்கள் சும்மா இருந்தவர்களைவிட மோசமானார்கள் என்பதைத் தள்ளிவிட முடியாது.

விட வேண்டியவை: பச்சிமோத்தாசனம், ஹலாசனம், சர்வாங்காசனம், படுத்து எழுந்து முழங்காலைத் தொடும் வயிற்றுப் பயிற்சி, முதுகில் உருளுவது. குனிந்த நிலையிலேயே உடம்பைத் திருகுவதும் கூடாது. கீழே உள்ள கனமான பொருளைப் பக்கவாட்டில் திரும்பி எடுப்பதும் அந்த வகைதான். மேலே சொன்ன நாற்காலி நீட்டல் சோதனையும் உங்களுக்கு வேண்டாம்.

அதற்காகக் குனியவே கூடாது என்றில்லை. முதுகில் குனியாமல் இடுப்பில் குனியுங்கள். ஒரு நீளக் கம்பைப் பின்னால் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: தலையின் பின்புறம், தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு மூன்றும் கம்பைத் தொட வேண்டும். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளியபடி சாயுங்கள். மூன்றில் ஒன்று கம்பை விட்டு விலகினால் முதுகு வளைகிறது என்று அர்த்தம். கூன் ஏற்கனவே இருந்தால் தலை கம்பைத் தொடாது. அப்போது மற்ற இரண்டையும் பார்த்தால் போதும். பல் தேய்க்கையில், படுக்கை விரிக்கையில், கீழே விழுந்ததை எடுக்கையில் இந்தச் சாய்வு வந்துவிட்டால் ஆசனத்தை விட்ட வருத்தம் போய்விடும்.

தொடைப் பின்புறத் தசையை இளக்க, மல்லாந்து படுத்து, பாதத்தில் ஒரு துண்டை மாட்டிக் காலை உயர்த்துங்கள். முதுகு முழுவதும் தரையில் பதிந்திருப்பதால் கண்ணிகளுக்கு ஆபத்தில்லை. நிமிர்வுக்கு, வயிற்றின் கீழ் ஒரு தலையணை வைத்துக் குப்புறப் படுத்து, கைகள் உடம்போடு இருக்க, தலையையும் மார்பையும் இரண்டு அங்குலம் மட்டும் தூக்கி ஐந்து விநாடி நிறுத்துங்கள், பத்து தடவை. பார்வை தரையிலேயே இருக்கட்டும், கழுத்தைப் பின்னால் மடக்க வேண்டாம். குப்புறப் படுக்க முடியாதவர்கள் சுவரில் முதுகை ஒட்டி நின்று, தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தலாம்.

இளமையில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்திருந்தாலோ, தூக்கியதும் குனிந்ததும் முதுகில் சுரீரென்று வலி தொடங்கி நாலு நாளில் தணியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுங்கள். கண்ணி நசுங்கியவர்களில் பலருக்கு அது நடந்ததே தெரிவதில்லை.

சில சிறு கேள்விகள்

*இழுவைப் பயிற்சி நடைக்கு முன்பா, பின்பா?* பின்பு. சூடேறிய தசை நன்றாக இளகும். நடைக்கு முன் வேண்டுமானால் கை கால்களை வீசி, சுழற்றி, ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து தொடங்குங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே பளுவான வேலையில் இறங்கினால் தசையின் வலு சிறிது நேரத்துக்குச் சற்றுக் குறைந்திருக்கும்.

*எடைப்பயிற்சி செய்தால் உடம்பு இறுகிவிடுமாமே?* இல்லை. அரைகுறையாகச் செய்தால் பலன் குறையும், அவ்வளவுதான். எடையை முழு அசைவெல்லைக்கும் கொண்டுபோய்த் திருப்பினால் நெகிழ்வு கூடும். இழுவைப் பயிற்சிக்கு ஏறக்குறைய இணையாகவே கூடும் என்று இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளின் தொகுப்பு 2021-ல் காட்டியிருக்கிறது. நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எங்கள் ஓட்டு எடைப்பயிற்சிக்கு.

*கார் ரிவர்ஸ் எடுக்கையில் கழுத்து திரும்புவதில்லை.* கழுத்தை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். பின்னால் பார்ப்பதில் மார்புப் பகுதி முதுகெலும்புக்கும் பெரிய பங்கு. நாற்காலியில் முழங்கால்களை ஒட்டி உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டி, இடுப்பு அசையாமல் இருபக்கமும் பத்துப் பத்து தடவை திரும்புங்கள். திரும்பும்போது தலை சுற்றினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கை மரத்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

*காலையில் எழுந்ததும் தோளும் இடுப்பும் இறுகிக் கிடக்கின்றன. வயசானால் இப்படித்தானே?* எவ்வளவு நேரம் என்பதில்தான் விஷயம். தேய்மான இறுக்கம் நடமாடத் தொடங்கியதும் அரை மணிக்குள் விட்டுவிடும். இரண்டு தோளும் இரண்டு இடுப்பும் சேர்ந்து முக்கால் மணிக்கு மேல் இறுகி, சில வாரங்களுக்குள் தொடங்கியதாக இருந்தால் 'பாலிமயால்ஜியா ருமாட்டிகா' என்ற அழற்சி நோயாக இருக்கலாம். ஐம்பதுக்கு மேல் வருவது, பெண்களுக்கு அதிகம். ரத்தப் பரிசோதனையில் அழற்சி அளவு ஏறியிருக்கும். ஸ்டீராய்டு மாத்திரையில் நன்றாகக் கேட்கும். இதற்கு இழுவைப் பயிற்சி மருந்தாகாது. இதோடு புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் ஏதேனும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பார்வையே போகும் ஆபத்து உண்டு.

வலது கையைப் பின்னால் கொண்டுபோய் உள்ளாடைக் கொக்கியை மாட்ட முடியவில்லை. மூன்று மாதமாகிறது. சர்க்கரை உண்டு. கையைப் பிடித்து இழுத்து இழுத்துப் பழகு என்கிறார்கள், இரவில் வலி தாங்கவில்லை. (61 வயது வாசகி)

இழுப்பதை உடனே நிறுத்துங்கள். முதலில் இது வெறும் இறுக்கமா, 'ஃப்ரோசன் ஷோல்டர்' எனப்படும் தோள் உறை அழற்சியா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட பெண்களுக்கு இன்னும் அதிகம்.

முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடித்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். இடது கை திரும்பும் அளவில் பாதிகூட வலது திரும்பவில்லை, இன்னொருவர் பிடித்து மெதுவாகத் திருப்பினாலும் கட்டை போல நின்றுவிடுகிறது என்றால் ஃப்ரோசன் ஷோல்டராக இருக்கவே வாய்ப்பு. நீங்களாகத் தூக்க வரவில்லை, மற்றவர் தூக்கினால் போகிறது என்றால் தசைநாண் கிழிந்திருக்கலாம். மருத்துவர் பார்த்துப் பிரிக்க வேண்டியது இது. இரண்டில் எது என்பதைப் பொறுத்துச் சிகிச்சையும் மாறும்.

இரவு வலி இருக்கும் கட்டத்தில் உறை கனன்றுகொண்டிருக்கிறது. பலவந்தமாக இழுத்தால் வலி கூடும், காலம் நீளும். இப்போதைக்கு மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு ஊசல் போல ஆட்டுவது போதும். நாளைக்கு மூன்று வேளை, இரண்டிரண்டு நிமிடம். படுக்கும்போது முழங்கையின் கீழே தலையணை கொடுங்கள். ஆரம்பக் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியை நன்றாகக் குறைக்கும். ஆனால் சில நாளுக்குச் சர்க்கரை ஏறும், அளவை அடிக்கடி பார்க்க வேண்டும்.

இரவு வலி அடங்கிய பின்புதான் துண்டுப் பயிற்சி. இடது கையில் துண்டைப் பிடித்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் தொங்கவிட்டு, கீழ்நுனியை வலது கையால் பிடியுங்கள். இடது கை மெதுவாக மேலே இழுக்க வேண்டும். வலது கை சும்மா வர வேண்டும். 20 – 30 விநாடி, நான்கு தடவை. தோளை முன்னுக்கு உருட்டி முன்னால் குனிந்தால் கை மேலே போனது போலத் தோன்றும். ஏமாற்று. கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று செய்தால் தெரிந்துவிடும். முழுதாகச் சரியாக ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம்; அதுவரை முன்பக்கம் கொக்கி உள்ள உள்ளாடை வாங்கிக்கொள்வதில் வெட்கம் என்ன?

அம்மாவுக்கு 78. நன்றாக நடமாடுபவர். போன வாரம் கூடத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் இல்லை, ஆனால் எழ முடியவில்லை. நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போய் என் முதுகு பிடித்துக்கொண்டது. (ஒரு மகள்)

அக்குளில் தூக்குவது இருவருக்கும் கெடுதல். அவருடைய தோள் விலகலாம், உங்கள் முதுகு ஏற்கனவே பேசிவிட்டது. எழுந்திருப்பது அவருடைய வேலை. உங்களுடையது நாற்காலி கொண்டுவருவது.

விழுந்ததும் ஒரு நிமிடம் அப்படியே இருக்கச் சொல்லுங்கள். இடுப்பு வலித்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், தலையில் அடிபட்டிருந்தால், கழுத்து வலித்தால் அசைக்காமல் ஆம்புலன்ஸ் அழையுங்கள்.

அடியில்லை என்றால்: மல்லாந்து கிடப்பவர் முழங்கால்களை மடித்து, ஒரு பக்கமாக உருள வேண்டும். கீழே உள்ள முழங்கையையும் மேலே உள்ள கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, பக்கவாட்டில் உட்கார்ந்த நிலைக்கு வர வேண்டும். அங்கிருந்து கையையும் முழங்காலையும் ஊன்றி நாலு காலில். முழங்கால் வலித்தால் கீழே தலையணை. நகராத நாற்காலி ஒன்றை முன்னால் போடுங்கள். அதன் இருக்கையில் இரண்டு கையையும் ஊன்றி, வலுவான காலின் பாதத்தை முன்னால் வைக்க வேண்டும்.

எல்லோரும் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான். பாதம் முன்னால் வராது. முழங்கால்மேல் எடை அப்படியே உட்கார்ந்திருக்கும். இடுப்பை மறுபக்கம் சாய்த்து, முழு எடையையும் ஊன்றிய முழங்காலுக்கும் கைகளுக்கும் மாற்றினால் வலுவான கால் லேசாகி முன்னால் வரும். வந்த பிறகு, பாதத்தை முழுதாகத் தரையில் பதித்து, கையாலும் காலாலும் சேர்த்து அழுத்தி எழ வேண்டும். பின்னால் நீங்கள் இரண்டாவது நாற்காலியை நகர்த்தி வைத்தால் திரும்பாமலே உட்காரலாம். உட்கார்ந்ததும் உடனே நடக்க விடாதீர்கள். ஓரிரு நிமிடம் கழியட்டும், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கட்டாயம்.

இதைப் பதற்றத்தில் கற்றுக்கொள்ள முடியாது. விழாத நாளில் பழக வேண்டும், அதுவும் கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கி. முதல் வாரம் நாற்காலியைப் பிடித்து ஒரு முழங்காலைக் கெட்டியான மெத்தைமேல் இறக்கி ஏறுவது மட்டும். அது வந்தபின் இரண்டு முழங்காலும். பிறகு நாலு காலில், பிறகு பக்கவாட்டில் உட்கார, கடைசியில் படுக்க. ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பி எழத் தெரிந்த தூரம்தான் கீழே போகிறார், ஆகவே பயமிருக்காது. கைகளிலும் கால்களிலும் அந்த வலுவே இல்லாதவர்கள் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து மாடிப்படிக்குப் போய், ஒவ்வொரு படியாகப் பிட்டத்தைத் தூக்கி ஏறி, நாற்காலி உயரம் வந்ததும் நிற்கலாம்.

அப்புறம், அம்மா வீட்டில் தனியாக இருக்கும் நேரம் உண்டென்றால் போன் அவர் இடுப்பில் இருக்கட்டும், மேசையில் வேண்டாம். விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடப்பதே தனி நோய்.

படி ஏறுவதில் சிரமமில்லை, இறங்கும்போதுதான் பயம். குதிகால் தரையை விட்டுத் தூக்கிக்கொள்கிறது, பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறேன். (70 வயது வாசகி)

குதிகால் தூக்குகிறது என்று கவனித்து எழுதினீர்களே, பாதி நோயறிதல் அதில் முடிந்துவிட்டது. இறங்கும்போது மேல்படியில் நிற்கும் காலின் முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னால் போக வேண்டும். கணுக்கால் மடங்காவிட்டால் குதிகால்தான் எழும்.

சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தரையில் அழுத்தியபடி முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற அளவில் பெருவிரலுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி? 10 செ.மீ. இருந்தால் நல்லது. 5-க்குக் கீழே என்றால் கணுக்கால் இறுகியிருக்கிறது. ஆடுசதையில் இரண்டு அடுக்கு. முழங்காலை நேராக வைத்து இழுப்பது மேலடுக்குக்கு. உங்களுக்குத் தேவை அடியடுக்கு, அது முழங்காலை மடித்து இழுத்தால்தான் இளகும். சோதனை நிலையிலேயே ஒரு நிமிடம், நான்கு தடவை. பாதம் வெளிப்பக்கம் திரும்பிப் போகாமல், உள்வளைவு சரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் நடந்தால் இழுவை கணுக்காலில் விழாமல் நழுவிவிடும்.

கூடவே தொடைக்கு: 10 செ.மீ. உயரப் பலகைமேல் கைப்பிடியைப் பிடித்து நின்று, ஒரு காலின் குதிகால் மட்டும் கீழே தரையைத் தொட்டுத் திரும்பும்படி மெதுவாக இறக்கி ஏற்றுங்கள், பக்கத்துக்கு எட்டு. இந்த நாட்களில் படிகளில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சிரமப்படும் கால் முதலில். ஒரே கண்ணாடியில் தூரமும் கிட்டவும் பார்ப்பவராக இருந்தால் கீழே பார்க்கையில் படி மங்கலாகத் தெரியும். தாடையை மார்போடு சேர்த்துக் கண்ணாடியின் மேல்பாகத்தால் பாருங்கள்.

முழங்கால் மாற்று அறுவை முடிந்து ஒரு வருடம். மடக்கும் பயிற்சியை அதிகமாக்கினால் மறுபடி தரையில் சம்மணம் போடலாமா? (68 வயது வாசகி)

வழக்கமான செயற்கை மூட்டில் 110 முதல் 120 டிகிரி வரை மடங்கினால் நல்ல விளைவு. ஒரு வருடத்துக்குப் பிறகு பயிற்சியால் பெரிதாகக் கூடாது. பலவந்தமாக மடக்கினால் வீக்கம்தான் மிச்சம். சம்மணத்தில் மடக்கோடு திருகலும் சேர்கிறது. உங்களுக்கு வைத்த மூட்டின் வகை தெரிந்த அறுவை மருத்துவர் அனுமதித்தால் ஒழிய வேண்டாம். மண்டியிடுவது வேறு விஷயம். தழும்பு ஆறியவர்களில் பலர் மெத்தைமேல் மண்டியிடலாம். முன்பக்கம் மரத்தது போல இருப்பதால் வரும் அருவருப்புதான் தடை, மூட்டுக்குக் கெடுதல் இல்லை. கேட்டு உறுதி செய்துகொண்டு பழகுங்கள், தரையிலிருந்து எழ அது வேண்டும்.

இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் இதைத் தங்களுக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை என்றால், மருத்துவர் சொல்லும் காலம்வரை இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, கால்மேல் கால் போடுவது, பாதத்தை உள்பக்கம் திருப்புவது மூன்றும் கூடாது. முதல் கடிதத்துக்குச் சொன்ன கணுக்கால் பயிற்சியும் அவரைக் கேட்ட பிறகுதான்.